தாளாளர் நடத்திய எரிநட்சத்திரத் திருவிழா

எங்கள் பள்ளித் தாளாளர் வானத்தை அண்ணாந்து பார்க்கிறவர் அல்ல. சுதந்திர தினத்தன்று கொடியேற்றும்போதுகூட அவர் பார்வை வீடியோகாரர் மேல்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் 2008 ஏப்ரல் கடைசியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் விரித்திருந்த செய்தித்தாளின் மூலையில் விரலை வைத்துக்கொண்டு, "டீச்சர், இது நம்ம ஊர்ல விழுமா?" என்று கேட்டார்.

மே முதல் வாரத்தில் எரிநட்சத்திர மழை என்று நாலு வரி போட்டிருந்தார்கள்.

"விழாது சார், வானத்துல தெரியும். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசிக்குள்ள பூமி போறப்ப, அது காத்துல உரசி எரியும். விடியக்காலம் மூணு மணிக்கு மேலதான் நல்லா தெரியும்."

"எவ்வளவு தெரியும்?"

"நல்ல இருட்டா இருந்தா மணிக்கு ஒரு இருபது முப்பது பாக்கலாம்."

"அப்ப நோட்டீஸ்ல ஆயிரம்னு போட்டுடலாம்" என்றார்.

நான் அந்தப் பள்ளியில் ஐந்தாறு வருடமாக இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்து, அதற்கு வால் வரைந்து, எரிநட்சத்திரம் என்று காட்டுவேன். நேரில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஜங்ஷன் விளக்குகளும் துறைமுக விளக்குகளும் தெரியும். அதற்கு மேல் இருப்பது தெரியாது. அதனால் தாளாளர் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவோம், பெற்றோர்களும் வரட்டும் என்று அவர் சொன்னபோது, இத்தனை நாள் இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட வருத்தப்பட்டேன்.

"இருட்டான எடமா பாக்கணும் சார். கம்மாபுரம் பக்கம் வேணாம், நிலக்கரிச் சுரங்கத்து வெளிச்சம் ராத்திரி பூரா வானத்துல அடிக்கும்."

"எடத்தைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க டீச்சர். எடம் என்கிட்ட இருக்கு."

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவர். எந்தச் சரக்கைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்று கேட்டே பழகியவர்.

"மாமா, ஸ்கூல்ல எரிநட்சத்திரம் காட்டப் போறாங்க."

"உங்க ஸ்கூல்லயா? பிள்ளைங்க பாத்ரூமுக்கு ஒரு பல்பு போட மாட்டாரு அந்தாளு. அவரு இன்னாத்துக்கு நட்சத்திரம் காட்டறாரு?"

"அறிவியல் ஆர்வம் வந்துருக்கலாம்."

"வந்துருக்கும், வந்துருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நோட்டீஸ் ஊரெல்லாம் பறந்தது. 'வானில் ஓர் அதிசயம்! ஆயிரம் நட்சத்திரங்கள் உதிரும் அற்புத இரவு!' என்று மேலே. நடுவில் தாளாளரின் படம். அவர் தலைக்குப் பின்னால் சனிக்கோளின் வளையம் ஒளிவட்டம் மாதிரி அமைந்திருந்தது. கீழே, 'பஸ் வசதி உண்டு, இரவு உணவு உண்டு, அட்மிஷன் நடைபெறுகிறது.' ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்த எனக்கே ஒருவன் அதைக் கொடுத்தான். வாங்கிப் பார்த்தால், 'விளக்கவுரை' என்று என் பெயருக்குப் பின்னால் நான் படிக்காத ஒரு பட்டமும் சேர்ந்திருந்தது.

நாள் அமாவாசையை ஒட்டி வந்தது. நிலா கிடையாது என்று நான் சந்தோஷப்பட்டேன். அமாவாசை ராத்திரியில் பிள்ளையை வெட்டவெளிக்கு எப்படி அனுப்புவது என்று சில தாய்மார்கள் தயங்கினார்கள். அவர்களுக்குத் தாளாளரே போனில் பதில் சொன்னார்: "நிறைஞ்ச அமாவாசைம்மா. எந்தக் காரியம் ஆரம்பிச்சாலும் நல்லா வரும்." எரிநட்சத்திரம் பார்ப்பதில் ஆரம்பிக்க என்ன காரியம் இருக்கிறது என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அது. சூரியன் மறைந்த பிறகும் தார் ரோடு சூடு கக்கிக்கொண்டிருந்தது. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் இரண்டு பள்ளி பஸ்களும் வாடகைக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு பஸ்களும் கிளம்பின. சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது வழக்கம்போல் எல்லோரும் பேச்சை நிறுத்தி மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது. வழியில் ஊருக்கு ஊர் கரண்ட் கட். கரண்ட் தயாரிக்கிற மாவட்டம் என்பதால் எங்களிடம் இருட்டுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. நட்சத்திரம் பார்க்க நேரே வீட்டு மாடிக்கே போயிருக்கலாம், சரியான நேரத்தில் கரண்ட் போயிருந்தால்.

சிதம்பரம் ரோட்டில் பாதி தூரம் போய், மேற்கே ஒரு மண் ரோட்டில் பஸ் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் ஒரே வெளிச்சம். ஏதோ கோயில் திருவிழா போலிருக்கிறது, அதைத் தாண்டிப் போய்விடுவோம் என்று நினைத்தேன். பஸ் அதற்குள்ளேயே போய் நின்றது.

சீரியல் பல்பு வளைவு. சவுக்குக் கம்பம் கம்பமாக டியூப்லைட். மேடை, மைக் செட், பின்னால் புகை கக்கும் ஜெனரேட்டர். மேடைக்கு இரு பக்கமும் போகஸ் விளக்குகள், அவற்றைச் சுற்றி மாவட்டத்தின் மொத்த விட்டில் பூச்சியும். வானத்தைப் பார்த்தேன். கறுப்புத் தார்ப்பாய் மாதிரி இருந்தது.

கூட வந்திருந்த என் கணவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் வெள்ளை அடித்த கற்கள், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நேர்கோட்டில் நின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் ஒரு எண்.

"டீச்சரம்மா, உன் நட்சத்திரத்துக்கெல்லாம் நம்பர் போட்டு நட்டு வச்சிருக்காரு, பாரு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாளாளர் மனை வியாபாரத்தில் இறங்கியிருந்தார். ஐந்நூறு பெற்றோரை ஒரே ராத்திரியில், அவர்கள் சொந்த விருப்பத்தில், பிள்ளைகளோடு சைட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அதற்கு ஹாலி வால்நட்சத்திரத்தையும் என்னையும் பயன்படுத்திக்கொண்டார். இரண்டு பேருக்கும் கூலி கிடையாது.

நான் நேராக அவரிடம் போனேன். "சார், லைட்டெல்லாம் அணைக்கணும். இந்த வெளிச்சத்துல ஒண்ணுமே தெரியாது."

"அணைச்சுட்டா எப்படி டீச்சர்? பொம்பளைங்க, பிள்ளைங்க இருக்காங்க. பூச்சி பொட்டு இருக்கும். அதுவும் இல்லாம எடம் தெரியணும்ல?"

"வானம் தெரியணும் சார்."

"அது எங்க போயிடப் போவுது?"

சாப்பாடு முடிந்தது. சிறப்பு விருந்தினர் நடுராத்திரிக்கு மேல்தான் வந்தார். அவர் யார், எதனால் சிறப்பு என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. மூன்று கார்கள் வந்தன, அவற்றில் நடுக் காரிலிருந்து இறங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். 'கல்வி வள்ளல்' என்று அவர் தாளாளரைச் சொன்னார். 'ஏழைகளின் விடிவெள்ளி' என்று தாளாளர் அவரைச் சொன்னார். அந்த இரவில் மேடையில் பேசப்பட்ட ஒரே வானியல் அதுதான்.

வீடியோகாரர் என்னிடம் வந்தார். "மேடம், ஸ்டார் விழும்போது ஒரு குரல் குடுங்க. டக்குனு அது மேல லைட் அடிச்சுடறேன்."

"அது மேலயா?"

"ஆமா மேடம், ஃபோகஸ் நல்ல பவரு."

அவரிடம் நான் என்ன விளக்குவது? சரி என்றேன்.

விருந்தினர் போன பிறகு பிள்ளைகள் நாற்காலியிலேயே சுருண்டு தூங்கிவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு பந்தலில் தாளாளர் மனை மேப்பை விரித்து வைத்து அப்பாக்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டார். அன்றே அட்வான்ஸ் கட்டுகிறவர்களுக்கு ஒரு கிராம் தங்க நாணயம் என்று அறிவிப்பு வந்தது. அட்வான்ஸ் கட்டாதவர்கள் என்னைச் சுற்றிக் கூடினார்கள், சண்டைக்கு.

"இன்னா டீச்சர், ஆயிரம் விழும்னீங்க, ஒண்ணையும் காணோம்?"

"நான் சொல்லலீங்க, நோட்டீஸ்ல..."

"உங்க பேருதான் போட்டிருக்குது."

அவர்களில் ஒருவர் முதுநகரில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவர் பையன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. தெற்கே கொஞ்சம் கிழக்காக, அத்தனை டியூப்லைட்டையும் மீறிப் பெரிதாக ஒன்று பிரகாசித்துக்கொண்டிருந்தது. அதையே அரைமணி நேரமாக வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், அந்தப் பெரிசு எப்ப விழும்?"

"அது விழாதுங்க. அது வியாழன் கிரகம்."

"வியாழன்னா குருதானே?"

"ஆமா."

இது பந்தலிலிருந்த தாளாளரின் காதில் எப்படித்தான் விழுந்ததோ, உடனே மைக்கில் வந்தார். "பெற்றோர்களே, இப்ப நம்ம சைட்டுக்கு நேரா குரு நிக்கிறாரு! டீச்சரே சொல்லிட்டாங்க! குரு பார்வை உள்ள மனை, யோசிச்சுப் பாருங்க!" இரும்புக்கடைக்காரர் என்னை நன்றியோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பந்தலை நோக்கி நடந்தார். இயற்பியல் படித்ததற்காக நான் வெட்கப்பட்டது அப்போதுதான்.

மணி மூன்றைத் தாண்டியது. "மாமா, நான் அந்தப் பக்கம் இருட்டுல போயிப் பாக்கறேன். வரீங்களா?" என்றேன். அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தூங்காமல் விழித்திருந்தாள். அவள் அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணி தைப்பவர். அவர்கள் இருவரும் எங்களோடு வந்தார்கள். இன்னும் இரண்டு மூன்று குடும்பங்கள் பின்னால் சேர்ந்துகொண்டன.

கிழக்குப் பக்கம் நடந்தோம். கடைசி வெள்ளைக் கல்லைத் தாண்டும்போது பின்னாலிருந்து மைக் அலறியது: "டீச்சர்! எங்க போறீங்க? அது நம்ம சைட் இல்ல!"

அதைக் கேட்டதும் சரியான இடத்துக்குத்தான் போகிறோம் என்று தெம்பு வந்தது. எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண்மேடு. அதில் ஏறி அந்தப் பக்கச் சரிவில் இறங்கியதும் டியூப்லைட் வெளிச்சம் மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. துப்பட்டாவையும் துண்டையும் விரித்துப் படுத்தோம். என் கணவர் மட்டும் மேட்டில் எதன்மீதோ சாய்ந்து உட்கார்ந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, வானம் ஒவ்வொரு அடுக்காகத் திறந்துகொண்டே போனது. இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாடப்புத்தகத்தில் 'பால்வழி' என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் இருந்தது, இங்கே தலைக்கு மேல் வடக்குத் தெற்காக ஆவி மாதிரி கிடந்தது.

கிழக்கே கீழ்வானத்திலிருந்து ஒன்று புறப்பட்டது. நான் வரைந்த வால் மாதிரி குட்டையாக இல்லை. சத்தமே இல்லாமல், அவசரமாக, பாதி வானத்தை ஒரே கோடாகக் கிழித்துக்கொண்டு எங்கள் தலையைத் தாண்டிப் போயிற்று. போன பிறகும் அது போன வழி கொஞ்ச நேரம் பச்சையும் வெள்ளையுமாகத் தங்கியிருந்து, பிறகு கலைந்தது.

"அய்யோ" என்றாள் அந்தப் பெண்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் அம்மா மெதுவாகக் கேட்டார். "டீச்சர், எரிநட்சத்திரம் பாத்தா உடனே பூ பேரு சொல்லணும்னு சொல்லுவாங்களே. இல்லன்னா படிச்சதெல்லாம் மறந்து போயிடுமாமே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல், "சொல்லுடி" என்றார். "மல்லி, முல்லை, சாமந்தி" என்று பெண் ஒப்பித்தாள். அடுத்தது விழுந்தபோது நானும் யாருக்கும் கேட்காமல் கனகாம்பரம் என்று சொல்லி வைத்தேன். படித்தது கொஞ்சம்தான், அதையும் இழப்பானேன்?

விடியும்வரை அங்கேயே கிடந்தோம். எத்தனை பார்த்தோம் என்று எண்ணவில்லை. பூவின் பெயர்கள் தீர்ந்துபோய், அந்தப் பெண் காய்கறிகளுக்கு வந்துவிட்டாள், அவ்வளவு.

கிழக்கு வெளுத்தபோது என் கணவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். "ராத்திரி பூரா இன்னாமோ இரும்பு குத்திக்கிட்டே இருந்துச்சு" என்று திரும்பிப் பார்த்தவர், அப்படியே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரு."

அவர் சாய்ந்திருந்தது ஒரு சின்ன சிமெண்ட் கட்டடம். அதன் தலையில் மரையிட்ட தடித்த இரும்புக் கம்பி, திருகுவதற்குக் கைப்பிடி. கீழே பலகை போட்டு அடைத்த கண். அதிலிருந்து ஒரு வாய்க்கால் கிழக்கே வயல்களுக்கு ஓடியது.

"மதகு" என்றேன்.

"ஆமா. அப்ப நாம படுத்திருந்தது ஏரிக்கரை. தண்ணி இந்தக் கண்ணு வழியா கிழக்கால வயலுக்குப் போவுது." மேற்கே திரும்பிக் கையை நீட்டினார். வெள்ளைக் கற்கள், நாற்காலிகள், மேடை, சீரியல் பல்பு வளைவு, தாளாளர், ஐந்நூறு பெற்றோர். "தண்ணி நிக்கிறது அந்தப் பக்கம்."

இறங்கி வந்தபோது டியூப்லைட்டுகள் விடிந்த பிறகும் எரிந்துகொண்டிருந்தன. மைக்கில் என் பெயரை அழைத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக நன்றியுரை என்னுடையது. வழக்கமாக நான் நன்றியுரையை எழுதி வைத்துப் படிப்பேன். அன்று காகிதம் பஸ்ஸில் கிடந்தது. மேடையேறியபோது என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகப் பேசியது.

வருகை தந்த பெற்றோர்களுக்கு நன்றி என்றேன். சுவையான உணவு தந்தவர்களுக்கு நன்றி, ஒலியும் ஒளியும் அமைத்தவர்களுக்கு நன்றி, ஒளி கொஞ்சம் ஜாஸ்தி என்றேன். சிலர் சிரித்தார்கள். "நிறைவாக, தண்ணீர் இல்லாத மாதமாகப் பார்த்து இந்த ஏரியை நமக்கு ஒதுக்கித் தந்த தாளாளர் அவர்களுக்கு நன்றி. கிழக்கே தெரிவது ஏரிக்கரை. அதன் நடுவே இருப்பது மதகு. பஸ் ஏறும் முன் எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்."

நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. அப்பாக்கள் ஒருவர் பின் ஒருவராகக் கரையேறிப் போனார்கள். தாளாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "டீச்சர் தமாஷ் பண்றாங்க. இது ஏரி இல்லீங்க. ஏரி மாதிரி. ஒரு காலத்துல ஏரியா இருந்திருக்கும், யாரு பாத்தா? இப்ப பஞ்சாயத்து அப்ரூவல் ஆன எடம்!"

சிலர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொன்னார். என் பேச்சால் எல்லோரும் தப்பித்துவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். இரும்புக்கடைக்காரர் கரைமேல் நின்று மதகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "ஏரின்னா இன்னா டீச்சர்? மெட்ராஸ்ல பாதி ஊரு ஏரிலதான் இருக்குது. அதுக்காக அவுங்கல்லாம் படகுலயா போறாங்க?" திரும்பிப் போய், இன்னொரு மனைக்கும் சேர்த்து அட்வான்ஸ் கட்டினார். கூட்டம் கலைந்ததால் மூலை மனை கிடைத்ததாம்.

திங்கட்கிழமை தாளாளர் என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. காபிகூட வரவழைத்தார்.

"டீச்சர், யோசிச்சுப் பாத்தேன். உங்க அறிவு நம்ம ஸ்கூலுக்கு ஜாஸ்தி. நீங்க வேற எங்கயாவது பெரிய எடத்துல இருக்க வேண்டியவங்க."

ஜூனில் பள்ளி திறந்தபோது என் வகுப்பில் வேறு ஒருவர் கரும்பலகையில் வால் வரைந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது உண்மை. "உன்னை வேலையை விட்டு எடுக்கறதுக்கு அந்தாளு இத்தனை மரியாதையா ஒரு காரணம் சொன்னாரே, அதை எழுதி வாங்கியிருக்கணும். அடுத்த எடத்துல காட்டலாம்" என்று என் கணவர் சொன்னார். அதற்குச் சிரிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

ஆடி முடிவதற்குள் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. தினமும் பஸ். போகும்போதும் வரும்போதும் அந்த மண் ரோட்டு முனையைத் தாண்ட வேண்டும். அந்த வருடம் கார்த்திகையில் மழை அடித்து ஊற்றியது. மழை விட்ட மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். சாலையிலிருந்தே தெரிந்தது: ஏரி நிறைந்து கிடந்தது. வெள்ளைக் கல் ஒன்றுகூட இல்லை. வரவேற்பு வளைவின் மேல்பாதி மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்று, அதன்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. தாளாளர் இனி என்ன செய்வார் என்று நினைத்து, பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த சித்திரையில் பதில் கிடைத்தது. தண்ணீர் வற்றியதும் ரோட்டு முனையில் புதுப் பலகை முளைத்தது: 'ஏரி வியூ நகர்.' விலையும் கூடியிருந்தது, காட்சிக்காக.

2012-இல் ஒரு சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். "டீச்சர்!" என்று ஒரு குரல். இரும்புக்கடைக்காரர். தலை நரைத்திருந்தது, தொப்பை வைத்திருந்தது. பையன் இன்ஜினியரிங் படிப்பதாகச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி அந்த மனைகளைப் பற்றிக் கேட்டேன்.

"வீடு கட்டிட்டீங்களா?"

"அங்கயா? நான் இன்னா பைத்தியமா டீச்சர்? மழை பேஞ்சா மீனு புடிக்கலாம், வீடு கட்ட முடியுமா? ரெண்டையும் வித்துட்டேன். நல்ல வெலைக்குப் போச்சு."

"யாரு வாங்கினது?"

"இந்த ஊருதான். ஒரு வாத்தியாரு. நல்லா படிச்ச மனுஷன், பாவம், ரிட்டயர்டு ஆவப்போறாரு. சத்தம் இல்லாத எடமா கேட்டாரு."

"ஏரின்னு சொன்னீங்களா?"

"பேருலயே இருக்குதே டீச்சர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆனா கத்திரி வெயில்லதான் கூட்டிட்டுப் போயி காட்டினேன். பொட்டலா கெடந்துச்சு."

பஸ் வந்தது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு முன்னால் ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கும் ஒரு சீட் பிடித்துக் கொடுத்தார். டிக்கெட்டையும் அவரே எடுத்தார், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடலூர் வரும்வரை, நான் அந்த நேரத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தால் இன்று எப்படி இருந்திருப்பேன் என்று எனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.